மூன்று வாரக் கம்மல்

குரல் கம்மல் என்பது குரல்வளைக்குள் ஏதோ ஒன்று இயல்பு மாறியிருப்பதன் ஒலி. மாறியது எது என்பதை அந்த ஒலி தானாகச் சொல்லிவிடாது. சளி பிடித்த மறுநாள் வரும் கம்மலும், இரவெல்லாம் பாடியதால் வரும் கம்மலும், காசநோயில் வரும் கம்மலும், புற்றுநோயின் முதல் அடையாளமாக வரும் கம்மலும் கேட்பவர் காதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழுகின்றன. பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் தாமாக ஆறிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தில், ஆறாத சிலவற்றையும் மக்கள் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் குரல் கெடுவதற்கான காரணங்கள் ஒன்றுகூட விடுபடாமல் இருக்கின்றன. விடிய விடியப் பாடும் கூத்து உண்டு. கருங்கல் தூசிக்குள் வேலை செய்யும் சிற்பிகள் உண்டு. கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவர்கள் உண்டு. தொழுநோய்க்கும் காசநோய்க்கும் நாடறிந்த மருத்துவ நிலையங்கள் உண்டு. குரல் கம்மலைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்தை ஒருமுறை சுற்றிவந்தாலே போதும்.

கம்மலுக்குப் பேச்சுவழக்கில் பல பெயர்கள் வழங்குகின்றன. எல்லாம் ஒரே பொருள் தருவன அல்ல. ‘தொண்டை கட்டிக்கொண்டது’ என்றால் ஒலியே எழும்பவில்லை. ‘கரகரக்கிறது’ என்றால் ஒலி எழுகிறது, ஆனால் சீராக இல்லை. ‘காற்றாகப் போகிறது’ என்றால் பேச்சோடு மூச்சும் கசிகிறது. ‘பேசப் பேச இறங்குகிறது’ என்றால் காலையில் தெளிவாக இருந்த குரல் மாலைக்குள் ஓய்ந்துவிடுகிறது. கரகரப்பு, குரல்நாண்கள் ஒழுங்கற்று அதிர்வதால் வருவது. காற்றாகப் போவது, அவை நடுவில் முழுதாகச் சேராமல் இடைவெளி விடுவதால் வருவது. மாலையில் இறங்குவது, தசை களைத்ததையோ நாண்களில் முடிச்சு விழத் தொடங்கியதையோ காட்டலாம். மருத்துவரிடம் போகிறவர் ‘தொண்டை சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, வீட்டில் சொல்லும் சொல்லிலேயே சொன்னால் நோயறிதல் அங்கேயே தொடங்கிவிடும்.

குரல்வளை கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. உயிருக்கு அது செய்யும் முதல் வேலை காவல்: விழுங்கும் சோறும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வது. பேச்சு அதற்குப் பிறகு வந்த வேலை. உள்ளே முன்னிருந்து பின்னாக நீளும் இரண்டு மடிப்புகளைக் குரல்நாண்கள் என்கிறோம். பெயர் வில்லின் கயிற்றை நினைவூட்டினாலும் அவை கயிறுபோன்றவை அல்ல. உள்ளே தசை, அதன்மேல் கூழ்போன்ற மெல்லிய அடுக்கு, அதற்கும் மேலே ஈரமான மென்தோல் என்று அமைந்த இரண்டு உதடுகள் என்றே சொல்லலாம். வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், பெண்ணுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். மூச்சு விடும்போது விலகி நிற்கின்றன. பேசும்போது நெருங்கி, நுரையீரலிலிருந்து வரும் காற்றில் அதிர்கின்றன. ஆண் குரலில் நொடிக்கு 100 முதல் 125 முறை, பெண் குரலில் ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பள்ளி ஆசிரியையின் குரல் ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 2 மணி நேரம் ஒலிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவருடைய நாண்கள் அன்று 14 லட்சம் முறைக்கு மேல் மோதியிருக்கும். இத்தனை மோதலையும் தாங்குவது அந்தக் கூழ் அடுக்கும் மேலிருக்கும் ஈரமும்தான். ஈரம் குறைந்தாலும், அடுக்கு வீங்கினாலும், அதன்மேல் ஏதாவது வளர்ந்தாலும், நாணை இயக்கும் நரம்பு சோர்ந்தாலும் குரல் கம்முகிறது. பெரும்பாலான காரணங்களை இந்த நான்கு வழிகளுக்குள் அடக்கிவிடலாம்.

ஒலி பிறக்கும் முறையைத் தமிழ் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே உடலோடு பொருத்திப் பார்த்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாகத் திரிவதைச் சொல்கிறது. காற்றை முதலில் வைத்து, மிடற்றை அதன் வழியில் ஓரிடமாக வைத்த வரிசை கவனிக்கத்தக்கது. குரல் பயிற்சியாளர்கள் இன்று முதலில் கேட்பதும் மூச்சைத்தான்.

கம்மல்களில் மிகப் பரவலானது சளிக்காய்ச்சலோடு வருவது. வைரஸ் கிருமியால் நாண்கள் வீங்கிப் பருக்கின்றன. பருத்த நாண் மெதுவாக அதிர்வதால் குரல் தடித்து இறங்குகிறது. இதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. ஓய்வும் நீரும் போதும். ஒன்று, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். வீங்கிய நாணைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறபோதுதான் இது ஆபத்தாகிறது. அந்தக் கட்டாயம் யாருக்கெல்லாம் உண்டு என்று பார்த்தால் இந்த வட்டாரத்தில் முதலில் வருபவர் கூத்துக் கலைஞர்.

தொண்டைமண்டலத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா, கோடையை ஒட்டிய மாதங்களில் ஊர் ஊராக நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் படுகளமும் தீமிதியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்களில் ஒரு குழுவுக்குப் பருவம் களைகட்டிவிட்டால் இரவுக்கு இரவு வேறு ஊர். இரவு பத்து மணி சுமாருக்குத் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை போகும். சுருதி உச்சத்தில் இருக்கும். முகவீணையின் ஒலிக்கு மேலே குரல் எழ வேண்டும். கலைஞர் தோளிலும் மார்பிலும் தலையிலும் மரத்தால் செய்த கனமான அணிகளைக் கட்டிக்கொள்கிறார். இந்த ‘கட்டை’களால்தான் இக்கலைக்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது. ஆர்மோனியக் கட்டையைக் கொண்டு சுருதியைக் குறிப்பதும் ‘கட்டை’ என்ற சொல்லால்தான். ஆகவே ஒரு கூத்தர் இரண்டு வகைக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார். இடுப்பிலும் மார்பிலும் இறுக்கிக் கட்டியபடி, சுற்றிச் சுழன்று ஆடிக்கொண்டே உச்சத்தில் பாடும்போது, மூச்சு விரிய வேண்டிய விலா விரிய இடமில்லை. வயிற்றிலிருந்து வர வேண்டிய அழுத்தத்தைத் தொண்டையே கொடுக்கத் தொடங்குகிறது. கழுத்து நரம்பு புடைத்துத் தெரிவது அந்த நேரத்தில்தான்.

இந்தச் சுமையைக் குறைக்கும் வழியைக் கூத்து தன் அமைப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. கலைஞர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். பார்வையாளருக்கு அது இசை அழகு. பாடியவருக்கோ அது சில நொடி ஓய்வு. அந்த நேரத்தில் அவர் மூச்சை நிரப்பிக்கொள்ளலாம், எச்சிலை விழுங்கி நாண்களை ஈரமாக்கிக்கொள்ளலாம். கட்டியக்காரன் இடையில் வந்து பேசிச் சிரிக்கவைக்கும் நேரமும், ஒரு வேடம் திரைக்குப் பின்னால் போய் இன்னொரு வேடம் வரும் நேரமும் அப்படிப்பட்டவைதான். இந்த இடைவெளிகளைச் சுருக்கி ஆட்டத்தை விறுவிறுப்பாக்க நினைக்கும் ஏற்பாட்டாளர்கள், தெரியாமலே கலைஞரின் குரலைச் சுருக்குகிறார்கள்.

மைக் வந்த பிறகு கூவிப் பாட வேண்டிய தேவை குறைந்திருக்க வேண்டும். பல ஊர்களில் அப்படி நடக்கவில்லை. ஒலிபெருக்கியை ஊரைப் பார்த்துக் கட்டுகிறார்கள். பாடுபவர் காதுக்கு மத்தளமும் ஆர்மோனியமும்தான் விழுகின்றன, தன் குரல் விழுவதில்லை. தன் குரல் கேட்காதவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் ஏத்தியென் லொம்பார் 1911இல் இதைக் கண்டு சொன்னார். மனிதர் எல்லோருக்கும் பொதுவான அனிச்சைச் செயல் இது. ஆடுகளத்தைப் பார்த்து ஒரு சிறிய ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தாலே பாதி உழைப்பு மிச்சம். பெரிய செலவில்லாத இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு திருவிழாக் குழுவும் செய்ய வேண்டும்.

கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அதன் குருகுலம் சிறுவர்களோடு சிறுமிகளையும் இக்கலையில் பயிற்றியது. குரல் நோக்கில் இது முக்கியமான மாற்றம். பையனுக்குப் பதின்ம வயதில் குரல் உடைகிறது. குரல்வளை திடீரென வளர்ந்து நாண்கள் நீளும் அந்த மாதங்களில் பழைய உச்சத்தை எட்டவைப்பது நாணைக் கெடுக்கும். சிறுமிக்கு மாற்றம் சிறிது, மெல்ல நடப்பது. ஆனால் ஆண் குரலுக்கென்று வகுத்த சுருதியில் அவளை நிறுத்தினால் வேறு வகையில் சுமை ஏறும். அவரவர் குரலுக்கேற்பச் சுருதியை நகர்த்திக்கொள்ளும் ஆசிரியரே மாணவரின் குரலை நாற்பது வயதுக்கு அப்பாலும் கொண்டுபோகிறார்.

ஓயாத மோதலால் நாண்களில் விழுவது முடிச்சு. இரண்டு நாண்களிலும், முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில், எதிரெதிராகச் சிறிய தடிப்புகள் எழும். உளி பிடித்த கையில் காய்ப்பு காய்ப்பதைப் போன்றது இது. பெண் ஆசிரியர்களிடமும், பாடகிகளிடமும், கூச்சலிட்டு விளையாடும் சிறுவர்களிடமும் அதிகம். ஒரே ஒரு முறை உரக்கக் கத்தியதில் நாணுக்குள் ரத்தக்குழாய் வெடித்து, அது பாலிப்பாகத் திரண்டு ஒரு பக்கம் தொங்குவது வேறு வகை. முடிச்சு பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே கரையும். பாலிப்புக்குப் பல நேரம் நுண்ணறுவை தேவைப்படும். வெளியில் கேட்கும் ஒலியை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கோவளத்திலிருந்து கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரையிலான கரையில் விடியற்காலையில் படகு சேரும்போது மீன் ஏலம் நடக்கிறது. அலையோசை, படகு எஞ்சின், சுற்றி நிற்பவர் பேச்சு எல்லாவற்றுக்கும் மேலே விலையைக் கூவ வேண்டும். லொம்பார் சொன்ன அனிச்சை இங்கே தினந்தோறும் நடக்கிறது. மின்விசிறி இரைச்சலில் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும், பேருந்து நடத்துநருக்கும், மாமல்லபுரத்து ஐந்து ரதங்களின் முன்னால் கடற்காற்றில் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லும் வழிகாட்டிக்கும் இதே கதைதான்.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் தனியாகப் பேசப்பட வேண்டியவர்கள். 1957இல் அரசு அங்கே சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. இன்றைய அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி அதன் வளர்ச்சி. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் சுத்தியும் மட்டும் பேசிய பட்டறைகளில் இப்போது மின் அறுவை இயந்திரமும் கிரைண்டரும் சேர்ந்துவிட்டன. உளி சில்லுகளைத் தெறிக்கவைக்கும்; கிரைண்டர் கல்லை மாவாக்கும். கருங்கல் மாவில் சிலிக்கா இருக்கிறது. பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டி நாண்களை உலர்த்தும். வேலை செய்பவர் அடிக்கடி தொண்டையைக் கனைத்துக்கொள்வார். ஒவ்வொரு கனைப்பும் இரண்டு நாண்களையும் ஒன்றோடொன்று அறைவதுதான். நுண்துகள் நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். ஆகவே சிற்பி ஒருவருக்கு நீண்ட நாள் கம்மலும் இருமலும் இருந்தால் தூசி அலர்ஜி என்று விட்டுவிடாமல் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தே ஆக வேண்டும். அறுக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டவிட்டால் தூசி எழுவது பெருமளவு குறையும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதால் பெரிய துகள்களைத் தடுக்கலாமே தவிர நுண்துகளைத் தடுக்க முடியாது.

செங்கல்பட்டு நகரை ஒட்டிய திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமான நிலையமாக்கியது. குரல் கம்மலின் வரலாற்றில் திருமணிக்குத் தனி இடம் உண்டு. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும். மூச்சுக்காற்று ஓயாமல் தொட்டுச் செல்லும் மூக்கும் குரல்வளையும் உடலின் மற்ற உள்ளுறுப்புகளைவிடக் குளிர்ந்தவை. கிருமி மிகுந்த வகைத் தொழுநோயில் முதலில் மூக்கடைப்பு வரும், மூக்குத்தண்டு உட்குழியும். பிறகு அண்ணம், குரல்வளை மூடி, கடைசியில் நாண்கள். குரல் தடித்துக் கம்மும். உணர்வு நரம்புகளும் கெடுவதால் வலி தெரியாமலே இது நடக்கும். முற்றினால் மூச்சுப்பாதை அடைபட்டு, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடச் செய்ய வேண்டிவரும். சுசுருத சங்கிதை, குட்டம் எலும்பையும் மஜ்ஜையையும் எட்டியதற்கான குறிகளில் மூக்கு உட்குழிவதோடு குரல் கெடுவதையும் சேர்த்துச் சொல்கிறது. பழைய மருத்துவர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு குறிப்பே போதும்.

திருமணி மருத்துவமனையை 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் வழிநடத்திய ராபர்ட் காக்ரேன், டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்குப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டிவிட்டதாக 2005 டிசம்பர் கணக்கை வைத்து அறிவிக்கப்பட்டது. தொழுநோயால் குரல் இழப்பது இன்று அபூர்வம். ஒரு குரல் நோய் ஏறக்குறைய மறைந்துபோனதற்கு இந்த மாவட்டம் சாட்சியாக இருக்கிறது. ஆனாலும் புதிய நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். தோலில் உணர்வற்ற தேமலும் மூக்கடைப்பும் கம்மலும் சேர்ந்து இருந்தால் தொழுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாம்பரம் சானடோரியம் 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கியது. இப்போது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மருந்து இல்லாத காலத்தில் காசநோய் நுரையீரலிலிருந்து சளியோடு ஏறிக் குரல்வளையைப் புண்ணாக்குவது சாதாரணமாக இருந்தது. அக்காலச் சானடோரியங்களில் அதற்குத் தரப்பட்ட சிகிச்சை மௌனம். மாதக்கணக்கில் பேசக் கூடாது. தேவையைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். எச்சில் விழுங்குவதே வேதனை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உண்பதும் சானடோரியத்தில் தங்குவதற்கு இணையான பலன் தரும் என்று 1959இல் காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். குரல்வளைக் காசநோய் இன்றும் இருக்கிறது. பேசும்போதும் இருமும்போதும் கிருமி வெளியேறுவதால் இது எளிதில் தொற்றும். இலவசமாகக் கிடைக்கும் ஆறு மாத மருந்தை விடாமல் உண்டால் பெரும்பாலோர்க்குக் குரல் திரும்பிவிடுகிறது. எடை குறைவு, மாலைக் காய்ச்சல், விழுங்கும்போது வலி இவற்றோடு சேர்ந்து வரும் கம்மலைக் கஷாயத்தால் ஆற்றப் பார்ப்பது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து.

நாண் நன்றாக இருந்தும் நரம்பு கெட்டால் குரல் போகும். தமிழ்நாடு முழுவதும் காதால் கேட்ட எடுத்துக்காட்டு இந்த மாவட்டத்துக்குரியது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஜி.ஆர். சக நடிகர் எம்.ஆர். ராதாவால் சுடப்பட்டார். ராமாவரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, எம்.ஆர். ராதா மீதான வழக்கும் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான் நடந்தது. காதை ஒட்டிப் பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கியது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், அதே மாவட்டத்துப் பரங்கிமலைத் தொகுதியில் அடுத்த மாதமே வென்றார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் காயத்துக்கு முன் எடுத்த காட்சிகளும் பின் எடுத்த காட்சிகளும் கலந்திருக்கின்றன. கவனித்துக் கேட்டால் இரண்டு குரல்கள் தெரியும். அவர் வேறொருவரை வைத்துப் பேசவைக்காமல் தம் குரலிலேயே பேசினார்.

இதில் மருத்துவப் பாடம் ஒன்று உண்டு. மண்டையோட்டின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில், குரல்வளையை இயக்கும் நரம்பும் நாக்கை இயக்கும் நரம்பும் அருகருகே வருகின்றன. குரல் கெடுவது வேறு, சொல் தெளிவு கெடுவது வேறு. ஒலி எழுவது குரல்வளையில். எழுத்தாவது நாக்கிலும் அண்ணத்திலும் உதட்டிலும். ‘குரல் போச்சு’ என்று வீட்டார் சொல்வது சில நேரம் பக்கவாதத்தால் நாக்குக் குழறுவதாக இருக்கும். அப்படிப்பட்டவரை அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாணை அசைக்கும் இடப்பக்க நரம்பு நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. கழுத்தைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. அதனால் மார்புக்குள் நடக்கும் கேடு கழுத்தில் கம்மலாகத் தெரியும். நுரையீரல் புற்றுக் கட்டி அந்த நரம்பை அழுத்தலாம். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி இடது மேலறை பருத்தால் அதுவும் காரணமாகலாம். பின்னதை வியன்னாவின் ஓர்ட்னர் 1897இல் விவரித்தார். தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குரல் காற்றாகப் போனால் அந்த நரம்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

புகையிலை எல்லாவற்றையும்விடக் கொடியது. பீடி, சிகரெட் புகை நாண்கள்மீது நேரடியாகப் படுகிறது. மதுவும் சேர்ந்தால் கேடு கூடுகிறது. குரல்நாணில் புற்றுநோய் தொடங்கும்போது, கடுகளவு தடிப்பே குரலை மாற்றிவிடும். மற்ற இடங்களில் இந்த அளவுக் கட்டி எந்தத் தடயமும் காட்டாது. நாண்களில் நிணநீர்க் குழாய்கள் குறைவு என்பதால் நோய் பரவவும் தாமதமாகும். முதல் நிலையில் கண்டால் கதிர்வீச்சாலோ லேசராலோ ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரைக் குணப்படுத்தலாம், குரலும் தங்கும். ஆறு மாதம் தாமதித்து வருபவருக்குக் குரல்வளையையே எடுக்க நேரிடலாம். உடல் தானாகவே எச்சரிக்கை மணி அடிக்கும் இந்தப் புற்றுநோயைத் தாமதத்தால் இழப்பது பெரும் துயரம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது.

இயல்பாகவே கரகரத்த குரல் உள்ளவர்களும் உண்டு. மு. கருணாநிதியின் குரலைக் கரகரப்பிலிருந்து பிரித்து யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருவருடைய வழக்கமான கரகரப்பு அவர் அடையாளம். வழக்கத்திலிருந்து மாறியதே நோய்க்கு அறிகுறி. அந்த மாற்றத்தை அவரைவிட வீட்டாரும் தொலைபேசியில் பேசுகிறவர்களும் முதலில் கவனிப்பார்கள்.

குரல்வளையை நேரில் காண்பது 1854இல்தான் எளிதானது. பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர் மனுவேல் கார்சியா பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் நாண்களையே தாம் பார்த்தார். இன்றும் சோதனை, அடிப்படையில் அதுவே. மருத்துவர் நாக்கை மெல்லிய துணியால் பிடித்து முன்னே இழுப்பார். மூச்சு படிந்து மங்காமலிருக்கச் சற்றுச் சூடாக்கிய கண்ணாடியையோ, கேமரா பொருத்திய கம்பியையோ உள்ளே நீட்டி, ‘ஈ’ என்று சொல்லச் சொல்வார். வெண்முத்து நிறத்தில் இரண்டு நாண்கள் நெருங்கிச் சேர்வது கண்ணாடியிலோ திரையிலோ தெரியும். ஒரு பக்கம் அசையாமல் நின்றால் நரம்பு. எதிரெதிராகப் புள்ளி இருந்தால் முடிச்சு. ஒரு பக்கம் வெள்ளைத் திட்டோ கரடோ இருந்தால் திசுச் சோதனை. குமட்டல் வரும், வலி இராது.

வீட்டு மருந்தின் எல்லையைப் புரிந்துகொள்ள ஓர் உடற்கூற்று உண்மை போதும். விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறும். ஆகவே சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயமோ, பனங்கற்கண்டுப் பாலோ, அதிமதுரமோ, சித்தரத்தையோ நாணின்மேல் தடவிய மருந்தாக வேலை செய்வதில்லை. அவை பக்கத்துத் தொண்டையை இதமாக்கும், எச்சிலைப் பெருக்கும், இருமலைத் தணிக்கும், உடலுக்கு நீர் சேர்க்கும். இந்த நான்கும் கம்மிய குரலுக்கு நல்லவையே. அதனால்தான் தலைமுறைகளாக நிலைத்திருக்கின்றன. அதிமதுரத்தை நாள்கணக்கில் அளவுக்கு மீறி உண்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதை அழுத்த நோயுள்ளவர்கள் மறக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. சித்த முறையில் முறையாகப் பார்க்க விரும்புவோருக்குத் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் அயோத்திதாசர் பண்டிதர் மருத்துவமனை இருக்கிறது. நாண்களை நேரடியாக எட்டுவது ஆவிதான். கொதிக்கும் பாத்திரத்தைத் தரையில் உறுதியாக வைத்துப் பிடிக்க வேண்டும். மடியில் வைத்துப் பிடித்துச் சுட்டுக்கொள்ளும் குழந்தைகள் ஏராளம்.

குரல் கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று பலர் எண்ணுகிறார்கள். அழுத்திக் கிசுகிசுத்தால் குரல்வளைத் தசைகள் இறுகிப் பலருக்குக் கூடுதல் சிரமம்தான் வரும். பேசாமலிருப்பது நல்லது, பேசியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய, இயல்பான குரலில் குறைவாகப் பேசலாம். கனைப்பதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். கச்சேரிக்கோ கூத்துக்கோ முன்னால் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடையேறுவது, வீக்கத்தை மறைத்துவிட்டு அதே நாணை மறுபடி அடிப்பதாகும். குரல்வளையைப் பார்க்காமல் அதைக் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

இரவில் வேலை செய்யும் தொண்டைக்கு வயிற்று அமிலம் ஒரு மறைமுக எதிரி. நடு இரவில் சாப்பிட்டு விடிந்ததும் படுக்கும் கூத்தருக்கும், இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு படுக்கும் எவருக்கும் அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்புறத்தைப் புண்ணாக்கும். காலையில் மட்டும் கரகரப்பு, தொண்டையில் ஏதோ நிற்பதுபோன்ற உணர்வு, நெஞ்செரிச்சல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளியும், தலைமாட்டை உயர்த்துவதும் முதல் மருந்து.

முடிச்சுக்கும் களைத்த குரலுக்கும் பயிற்சி உண்மையான சிகிச்சை. இளநீர்க் கடையில் கிடைக்கும் உறிஞ்சுகுழலை ஒரு தம்ளர் தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை இறக்கி, குமிழி வரும்படி ‘ஊ’ என்று ஒலித்துக்கொண்டே ஊத வேண்டும். குழலில் எதிர்க்கும் காற்று திரும்பி வந்து நாண்களைச் சற்றே விலக்கித் தாங்குவதால் அவை மெத்தென்று மோதப் பழகுகின்றன. பாடுவதற்கு முன் ஐந்து நிமிடம், பாடி முடித்த பின் ஐந்து நிமிடம். வாய் மூடி ‘ம்’ என்று ரீங்கரிப்பதும் இதே வகை. முறையாகக் கற்றுக்கொள்ளப் பேச்சுப் பயிற்சியாளர் தேவை. காட்டாங்கொளத்தூரிலுள்ள மருத்துவக் கல்லூரியிலும், முட்டுக்காட்டிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சு, செவிப்புலத் துறைகள் இருக்கின்றன. பள்ளிகளில் ஆசிரியர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியை ஆடம்பரமாகப் பார்க்கும் மனப்போக்கு மாற வேண்டும். சிற்பிக்கு முகக்கவசம் எப்படியோ, ஆசிரியருக்கு அது அப்படி.

மூச்சு இழுக்கும்போது சத்தம், மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இவை இல்லாத கம்மலுக்குக் கெடு மூன்று வாரம். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கெடுவையும் நீட்டக் கூடாது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே 1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. குரல்வளையைப் பார்த்து முடிக்கச் சில நிமிடம் போதும். மூன்று வாரம் கடந்தும் குரல் திரும்பாதவர் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் நாளைக் காலையே பேருந்து ஏற வேண்டும்.